எஸ்கேப் கீயைக் கொடுத்த மனிதர்

லினக்ஸ் லேப்ல விஐ எடிட்டரைத் திறந்த எல்லாருக்கும் இந்த அனுபவம் உண்டு. இன்ஸர்ட் மோடுல இருக்கீங்க. மேல் வரிக்குப் போகலாம்னு அப் ஆரோ கீயைத் தட்டுறீங்க. கர்சர் மேல போகாம, புதுசா ஒரு வரி திறந்து அதுல 'ஏ'ன்னு ஒரே ஒரு எழுத்து வந்து உட்காருது. டவுன் ஆரோவைத் தட்டினா 'பி'. ரைட் ஆரோவுக்கு 'சி'. லெஃப்டுக்கு 'டி'. கீபோர்டு கெட்டுப்போச்சோன்னு பக்கத்து சிஸ்டத்துக்கு மாறினா அங்கேயும் அதே கதை.

கீபோர்டு நல்லாத்தான் இருக்கு. எடிட்டரும் நல்லாத்தான் இருக்கு. சொல்லப்போனா அது ரொம்ப நேர்மையா நடந்துக்குது. எப்படின்னு புரியணும்னா ராபர்ட் பெமர்ங்கிற அமெரிக்கரோட வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். ஆஸ்கியின் தந்தைன்னு பலரும் சொல்ற பாப் பெமர் இவர்தான். நீங்க தினமும் அழுத்தற எஸ்கேப் கீக்குப் பின்னால இருக்கற யோசனையும் இவரோடதுதான்.

விமானத்திலிருந்து கணினிக்கு

பெமர் 1920 பிப்ரவரி 8-ஆம் தேதி, மிச்சிகன் மாநிலத்தில் கனடா எல்லையை ஒட்டிய சூ செயின்ட் மரீ என்ற ஊரில் பிறந்தார். 1940-ல் ஆல்பியன் கல்லூரியில் கணிதத்தில் பட்டம் பெற்றார். அடுத்து ஏரோநாட்டிகல் எஞ்சினியரிங்கில் ஒரு சான்றிதழ் படிப்பு. 1941-ல் டக்ளஸ் விமான நிறுவனத்தில் ஏரோடைனமிக்ஸ் வேலையில் சேர்ந்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற டிபார்ட்மென்ட்டே எந்தக் கல்லூரியிலும் இல்லாத காலம் அது. கணக்கு தெரிஞ்சவங்க விமானக் கம்பெனிக்குப் போனாங்க, அங்கே கணக்குப் போடும் இயந்திரங்களைப் பார்த்து அந்தப் பக்கம் இழுக்கப்பட்டாங்க. பெமரும் அப்படித்தான். ராண்ட், லாக்ஹீட் என்று சில இடங்களில் வேலை பார்த்துவிட்டு 1955-ல் ஐபிஎம்முக்கு வந்தார்.

அங்கே அவர் தலைமையில் நடந்த வேலைகளில் ஒன்று ஃபோர்ட்ரான்சிட். ஐபிஎம் 704 என்ற பெரிய மெஷினுக்காக எழுதப்பட்ட மொழி ஃபோர்ட்ரான். அந்த மொழியில் எழுதிய ப்ரோகிராமை ஐபிஎம் 650 என்ற சின்ன மெஷினிலும் ஓடவைத்தது ஃபோர்ட்ரான்சிட். இதுல என்ன பெரிய விஷயம்னு இன்னைக்கு உங்களுக்குத் தோணலாம். உங்க சி ப்ரோகிராம் லேப்டாப்பிலும் ஓடும், ராஸ்பெர்ரி பையிலும் ஓடும். அன்னைக்கு நிலைமை அப்படி இல்லை. ஒரு மெஷினுக்கு எழுதினது அந்த மெஷினோட செத்துப்போகும். ஒரே நிரலை இரண்டு வேறு வேறு மெஷின்கள் புரிந்துகொள்ளலாம் என்பதை நேரில் பார்த்தவர் பெமர். வாழ்நாள் முழுக்க அவர் அந்த எண்ணத்தை விடவில்லை.

வணிக வேலைகளுக்காக காம்ட்ரான் என்ற மொழியையும் ஐபிஎம்மில் உருவாக்கினார். 1959-ல் கோபால் மொழியை வடிவமைக்க உட்கார்ந்த குழு எடுத்துக்கொண்ட மூலப்பொருள்களில் காம்ட்ரானும் ஒன்று. கோபாலை நினைவில் வச்சுக்கோங்க. கதையின் கடைசிப் பகுதியில் திரும்பவும் வரும்.

அறுபதுக்கும் மேற்பட்ட 'ஏ'

மொழி பொதுவானால் மட்டும் போதாது என்பது அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அடிப்படையிலேயே பிரச்சினை இருந்தது. 'ஏ' என்ற எழுத்தை எந்த எண்ணாகச் சேமிப்பது? ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகச் சேமித்தது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்கள்கூட ஒத்துப்போகவில்லை. பயன்பாட்டில் இருந்த எழுத்துக் குறியீட்டு முறைகளை 1960-ல் பெமர் கணக்கெடுத்தார். அறுபதுக்கும் மேல் தேறியது. ஒரு கம்ப்யூட்டரின் டேப்பை இன்னொன்றில் போட்டால் குப்பைதான் வரும்.

அந்தப் பட்டியலை அமெரிக்கத் தர நிர்ணயக் குழுவின் முன் வைத்தார். எல்லாருக்கும் ஒரே குறியீடு வேண்டும் என்று 1961 மே மாதம் முறைப்படி முன்மொழிவு கொடுத்தார். பல கம்பெனிகளின் ஆட்கள் உட்கார்ந்து இரண்டு வருடம் விவாதித்த பிறகு 1963-ல் ஆஸ்கி வெளியானது. ஏழு பிட், 128 இடங்கள். பலர் சேர்ந்து செய்த வேலை அது, பெமர் ஒருத்தர் மட்டும் செய்ததல்ல. ஐரோப்பாவில் அவரோடு இணைந்து உழைத்த பிரிட்டிஷ்காரர் ஹியூ மெக்ரெகர் ராஸின் பெயரையும் சேர்த்து, அங்கே இதை பெமர்–ராஸ் குறியீடு என்றுகூடச் சொன்னார்கள்.

உங்க கீபோர்டில் இருக்கும் \ குறியும் பெமரின் வேலைதான். ஆல்கால் மொழிக்கு 'அண்ட்', 'ஆர்' குறிகள் தேவைப்பட்டன. அவை கூரை மாதிரியும் தலைகீழ்க் கூரை மாதிரியும் இருக்கும். அதுக்காக இரண்டு புது இடங்களைச் செலவழிக்க வேண்டாம், சாய்கோடு ஏற்கெனவே இருக்கு, அதற்கு எதிர்ப்பக்கம் சாயும் கோடு ஒன்று கொடுத்தால் போதும் என்றார். /\ என்று போட்டால் ஒன்று, \/ என்று போட்டால் இன்னொன்று. இன்னைக்கு நீங்க சி ப்ரோகிராமில் புது வரிக்கு \ போட்டு எழுதுவது இந்தச் சிக்கனத்திலிருந்து வந்தது.

வெளியேற ஒரு கதவு

எனக்கு அவர் செய்ததிலேயே பெரியதாகப் படுவது வேறு. 128 இடம் உலகத்துக்குப் போதாது என்பது குழுவில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ரஷ்ய எழுத்து, கிரேக்க எழுத்து, ஜப்பானிய எழுத்து எல்லாம் எங்கே போகும்? இரண்டு வழிகள்தான் இருப்பதுபோல் தோன்றியது. ஒன்று, எல்லாவற்றையும் அடக்கும் பெரிய குறியீடு செய்வது. அன்றைய மெமரி விலைக்கு அது நடக்காது. இன்னொன்று, ஆங்கிலத்துக்கு மட்டும் செய்துவிட்டு மற்றவர்களை அம்போன்னு விடுவது.

பெமர் மூன்றாவது வழியைச் சொன்னார். ஆஸ்கிக்கு முன்பே, 1960 பிப்ரவரியில், ஏசிஎம் சங்கத்தின் மாத இதழில் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரையில் அது வந்தது. குறியீட்டுக்குள்ளேயே ஒரு இடத்தை எந்த எழுத்துக்கும் கொடுக்காமல் ஒதுக்கிவையுங்கள். அந்தக் குறி வந்தால், அடுத்து வருவதை வழக்கமான பொருளில் படிக்காதே, வேறு அட்டவணையைப் பார்த்துப் படி என்று அர்த்தம். இருக்கும் அட்டவணையிலிருந்து தப்பித்து வெளியே போகும் வழி என்பதால் அதற்கு எஸ்கேப் என்று பெயர்.

யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு என்ன தேவை வரும்னு அவருக்குத் தெரியாது. தெரியாதுங்கறதை ஒத்துக்கிட்டு, அந்தத் தெரியாததுக்கும் ஒரு சீட் போட்டு வச்சார்.

1963-ல் எஸ்கேப்புக்குக் கிடைத்த எண் 126. 1967 திருத்தத்தில் அது 27-க்கு மாறியது. இன்றும் 27-தான். விஐ-யில் எஸ்கேப் கீக்குப் பதிலாக கண்ட்ரோல் கீயோடு சதுர அடைப்பை [ அழுத்தினாலும் வேலை செய்யும், பார்த்திருப்பீங்க. [ குறியின் எண் 91. கண்ட்ரோல் கீ அதிலிருந்து 64-ஐக் கழிக்கும். 27 வந்துவிடும். எடிட்டர் கொடுத்த ஷார்ட்கட் இல்லை அது. ஆஸ்கி அட்டவணையின் அமைப்பே அப்படி.

சரி, அந்த ஏ, பி, சி, டி?

1976-ல் பெர்க்லியில் பில் ஜாய் விஐ எழுதினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் இப்போது டேப் இருக்கும் இடத்தில் எஸ்கேப் இருந்தது. விரலுக்குப் பக்கத்திலேயே. அதனால் இன்ஸர்ட் மோடை விட்டு வெளியே வர அதையே வைத்தார். அந்த டெர்மினலில் தனியாக ஆரோ கீ கிடையாது. ஹெச், ஜே, கே, எல் கீகளின் மேலேயே அம்புகள் அச்சடிக்கப்பட்டிருந்தன. விஐ-யில் நீங்க ஹெச்-ஜே-கே-எல் அழுத்துவது அதனால்தான்.

இன்றைய டெர்மினல் ஆரோ கீயை எப்படி அனுப்புகிறது? பெமர் சொன்ன அதே முறையில். விஐ திறந்திருக்கும்போது அப் ஆரோ அழுத்தினால் மூன்று குறிகள் போகும்: முதலில் எஸ்கேப், அடுத்து பெரிய 'ஓ', பிறகு பெரிய 'ஏ'. பழைய விஐ போல நடந்துகொள்ளும் எடிட்டர் இதை ஒவ்வொன்றாகப் படிக்கிறது. எஸ்கேப்: இன்ஸர்ட் மோடை விட்டு வெளியே வா. பெரிய 'ஓ': மேலே புது வரி திறந்து எழுதத் தயாராகு. அடுத்த 'ஏ': அதை எழுது. சொன்னதை அப்படியே செய்திருக்கிறது. எஸ்கேப் என்பது மனிதர் தட்டியதா, ஆரோ கீ அனுப்பியதின் முதல் பாதியா என்ற குழப்பம்தான் மொத்தப் பிரச்சினையும்.

1991-ல் வந்த விம் எடிட்டருக்கு இது தெரியும். ஆரோ கீயைப் புரிந்துகொள்ளவும் அதற்குத் தெரியும். ஆனால் பழைய விஐ-யைப் பல வருடம் பயன்படுத்திய விரல்கள் உண்டு, அதை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் உண்டு, 1992-ல் போசிக்ஸ் தரமும் விஐ எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. அதனால் விம்மில் 'கம்பாட்டிபிள்' என்று ஒரு செட்டிங் வைத்தார்கள். அதை ஆன் செய்தால் விம் பழைய விஐ ஆகிவிடும். உங்களுக்கென்று ஒரு விம்ஆர்சி ஃபைல் இருந்தால் அது தானாக ஆஃப் ஆகிவிடும். உபுண்டுவுடன் வரும் குட்டி விம்மில் அது ஆன் ஆகவே வந்தது. லேப் சிஸ்டத்தில் 'ஏ' வருவதற்குக் காரணம் அதுதான். பழையவர்களுக்குக் கொடுத்த வாக்கை அந்த எடிட்டர் காப்பாற்றுகிறது. புதுசா வந்த உங்களுக்கு அது தொல்லை. இரண்டும் உண்மை.

சொந்த வீட்டில் தோல்வி

ஆஸ்கி வந்ததும் எல்லாரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்காதீங்க. பெமர் 1962-லேயே ஐபிஎம்மை விட்டு யூனிவாக்குக்குப் போய்விட்டார். 1964 ஏப்ரலில் ஐபிஎம் தன் புகழ்பெற்ற சிஸ்டம்/360-ஐ அறிவித்தது. ஆஸ்கி குழுவில் ஐபிஎம் ஆட்களும் இருந்தார்கள். 360-இன் வடிவமைப்பில் ஆஸ்கி முறைக்கு மாற ஒரு பிட்டும் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் கார்டு ரீடர், பிரிண்டர் போன்ற துணைக்கருவிகள் எல்லாம் பழைய பஞ்ச் கார்டு குறியீட்டிலேயே இருந்தன. அதோடு ஒத்துப்போவதற்காக இப்சிடிக் என்ற வேறொரு குறியீட்டில் அந்த மெஷின்கள் வெளிவந்தன. 360 அமோகமாக விற்றது. இப்சிடிக்கும் கூடவே பரவியது.

அதன் விளைவை சி லேப் உதாரணத்தில் பாருங்க. 'ஏ' முதல் 'இஸட்' வரை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் லூப் எழுதியிருப்பீங்க. ஆஸ்கியில் 65 முதல் 90 வரை வரிசையாக வரும். இப்சிடிக்கில் 'ஐ' 201, அடுத்த எழுத்தான 'ஜே' 209. நடுவில் ஓட்டை. பஞ்ச் கார்டில் துளை போடும் வரிசையை அப்படியே எடுத்து வந்ததன் மிச்சம் அது. பழைய மெஷினோடு ஒத்துப்போகணும் என்ற நல்ல எண்ணம்தான், ஆனால் உலகம் இரண்டாகப் பிரிந்தது. பெரிய வங்கிகளின் மெயின்ஃபிரேம்களில் இப்சிடிக் இன்றும் ஓடுகிறது. பெமர் இதைக் கடைசிவரை கணினி வரலாற்றின் பெரிய தவறுகளில் ஒன்றாகவே கருதினார்.

1968 மார்ச்சில் அதிபர் லிண்டன் ஜான்சன் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். இனி அமெரிக்க அரசு வாங்கும் கணினிகள் ஆஸ்கியைப் புரிந்துகொள்ள வேண்டும். அரசு சொன்ன பிறகு கம்பெனிகள் வழிக்கு வந்தன. கிட்டத்தட்ட அதே நேரத்தில் பெல் லேப்ஸில் யூனிக்ஸ் பிறந்தது. அதை எழுதியவர்கள் ஆஸ்கி பேசும் டெலிடைப் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து எழுதினார்கள். ஃபைல் என்றால் வெறும் பைட்டுகளின் வரிசை, டெக்ஸ்ட் என்றால் ஆஸ்கி. யூனிக்ஸின் முதல் எடிட்டரான ஈடி-யில் தொடங்கி விஐ வரை எல்லாம் அந்த அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது.

கதவில்லாத இரண்டு இலக்கம்

இப்போ கோபாலுக்கு வருவோம். 1950களின் இறுதியில் ஐபிஎம்மில் இருந்தபோது, மோர்மன் சபையின் வம்சாவளிப் பதிவுகள் தொடர்பான வேலை பெமரிடம் வந்தது. தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று பல நூற்றாண்டுகள் பின்னால் போகும் பதிவுகள். வருடத்தை நான்கு இலக்கத்தில் போடாவிட்டால் எந்த நூற்றாண்டு என்றே தெரியாது. மற்ற இடங்களில் எல்லாரும் இரண்டு இலக்கம்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். பஞ்ச் கார்டில் மொத்தம் 80 காலம். இரண்டு காலம் மிச்சமாவது பெரிய லாபம். 2000-ஆம் வருடம் அப்போ கண்ணுக்கெட்டாத தூரம்.

அமெரிக்க அரசு 1968-ல் வெளியிட்ட தேதிக்கான தரமே வருடத்துக்கு இரண்டு இலக்கம் என்றுதான் சொன்னது. அதாவது, அரசுத் தரத்தை ஒழுங்காகப் பின்பற்றிய ப்ரோகிராமரும் தப்பான ப்ரோகிராமைத்தான் எழுதினார். ஒரே வருடம், ஒரே அரசு. ஒரு கையெழுத்து ஆஸ்கியைக் காப்பாற்றியது, இன்னொரு ஆவணம் கண்ணிவெடி புதைத்தது.

ஹனிவெல்லில் வேலை பார்த்தபோது, 1971-ல் பெமர் இதைப் பற்றி எச்சரித்து எழுதினார். 1979-ல் மறுபடியும் எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ஏன்னு கேட்டா பதில் சுலபம். பழைய ஃபைல் எல்லாம் இரண்டு இலக்கம், பழைய ப்ரோகிராம் எல்லாம் இரண்டு இலக்கம். புதிதாக எழுதுபவர் பழசோடு ஒத்துப்போகணும்னா அவரும் இரண்டு இலக்கம்தான் போடணும். ஒவ்வொரு வருடமும் மாற்றுவதற்கான செலவு ஏறிக்கொண்டே போனது, அதனாலேயே ஒவ்வொரு வருடமும் மாற்றாமல் விட்டார்கள்.

1990களின் இறுதியில் உலகமே ஒய்2கே என்று அலறியபோது, பெமர் டெக்சாஸில் ஓர் ஏரிக்கரையில் ஓய்வில் இருந்தார். வயது எழுபதுக்கு மேல். சும்மா இருக்கவில்லை. ஒரு சின்ன நிறுவனம் தொடங்கி, சோர்ஸ் கோடு தொலைந்துபோன பழைய ப்ரோகிராம்களைக்கூடச் சரிசெய்யும் வழியைத் தேடினார். அவர் கண்ணில் பட்டது இதுதான்: இப்சிடிக்கில் ஓர் இலக்கத்தைச் சேமிக்க எட்டு பிட் செலவாகிறது. உண்மையில் இலக்கத்துக்கு நான்கு பிட் போதும். மீதி நான்கு பிட் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த இடத்தில் நூற்றாண்டை ஒளித்துவைத்தால் ஃபீல்டின் நீளம் மாறாது. பழைய ஃபைலின் அமைப்பும் மாறாது. கவனிச்சீங்களா? நாற்பது வருடம் கழித்தும் அவர் மூளை அதே வழியில்தான் போகிறது. இருப்பதை உடைக்காதே, உள்ளேயே காலியாக இருக்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடி.

அவர் பெயர் இல்லாத இடம்

2002-ல் ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டி அவருக்குக் கணினி முன்னோடி விருது கொடுத்தது. 2004 ஜூன் 22-ஆம் தேதி, புற்றுநோயால், டெக்சாஸில் அந்த ஏரிக்கரை வீட்டில் இறந்தார். வயது 84. தன் கார் நம்பர் பிளேட்டில் ஆஸ்கி என்ற ஐந்து எழுத்துகளைப் போட்டுக்கொண்டு ஓட்டிய மனிதர். ரோட்டில் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது என்னன்னு புரிந்திருக்கும்?

நீங்க இப்போ படிக்கும் இந்தத் தமிழ் எழுத்துகள் யூடிஎஃப்-8 முறையில் வந்தவை. 1992-ல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் அதை வடிவமைத்தார்கள். ஆஸ்கியின் 128 எழுத்துகளை அவர்கள் தொடவே இல்லை. அவற்றுக்கு எட்டாவது பிட் பூஜ்ஜியம். மற்ற மொழிகள் எல்லாம் எட்டாவது பிட் ஒன்று என்ற பக்கத்தில். 'அ' என்ற எழுத்துக்கு மூன்று பைட்: 224, 174, 133. அதனால் 1970களில் எழுதிய ஆஸ்கி ஃபைல் இன்றைய எடிட்டரில் ஒரு பைட்டும் மாறாமல் திறக்கும், அதே எடிட்டரில் அடுத்த வரியில் நீங்க தமிழில் எழுதலாம். பழையவருக்குக் கொடுத்த வாக்கும் உடையவில்லை, புதியவருக்கும் இடம் கிடைத்தது. இதில் எஸ்கேப் குறியும் இல்லை, பெமர் பெயரும் இல்லை. காலியாக விட்ட இடத்தைக் கதவாக்கும் புத்தி மட்டும் அதேதான்.

அரியர் பேப்பர், பிளேஸ்மென்ட் கவலைக்கு நடுவில் இதெல்லாம் எதுக்குன்னு கேட்டா, ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். இந்த செமஸ்டர் ப்ராஜெக்ட்டில் நீங்களும் ஒரு ஃபைல் ஃபார்மட் வைப்பீங்க, இல்லைன்னா சென்சாரிலிருந்து சர்வருக்கு ஒரு மெசேஜ் அனுப்புவீங்க. அடுத்த வருடம் ஜூனியர் ஒருத்தர் அதை எடுத்து வளர்ப்பார். அவருக்கு என்ன தேவைப்படும்னு உங்களுக்கு இன்னைக்குத் தெரியாது. அதனால முதல் பைட்டை வெர்ஷன் நம்பருக்கு ஒதுக்குங்க. இப்போதைக்கு அதுல 1-ன்னு மட்டும் போட்டு வைங்க.